அறுவத்தஞ்சு இஞ்சில் ஒரு முகம்

உள்ள வாங்க தம்பி. செருப்பு அங்கயே கெடக்கட்டும். எங்கூட்டுக்காரரு மஞ்ச மண்டி வரைக்கும் போயிருக்காரு, இப்ப வந்துருவாரு. மத்ததெல்லாம் அவருகிட்டப் பேசிக்கங்க, நான் சும்மா காட்டத்தான். சோபாவுல உக்காராதீங்க, அங்க உக்காந்து பாத்தா கழுத்து போயிரும். இந்தச் சேர்ல உக்காருங்க. அந்த பெட்ஷீட்டுக்குள்ளதான் டிவி இருக்குது. எடுத்துப் பாருங்க. அறுவத்தஞ்சு இஞ்சுங்க. ஒரு கீறல் இருக்காது. ரிமோட்டு மேல போட்டு வந்த கவரைக்கூட நாங்க பிரிக்கலை.

புதுசா இருக்குதே, எதுக்கு விக்கறீங்கன்னுதானே பாக்கறீங்க. ரிப்பேருன்னு நெனைக்காதீங்க. ரிப்பேருன்னா சொல்லித்தான் குடுப்போம், ஒளிச்சு மறைச்சு நமக்குப் பழக்கமில்லை. நல்லா ஓடுது. அது நல்லா ஓடுனதுதான் வெனை.

"எடம் பத்தலைன்னு சொல்லி முடிச்சுக்க"ன்னு அவரு சொல்லிட்டுப் போனாரு. எடமும் பத்தலைதான். ஆனா நீங்க வெளிய போய் இந்த வீதியில யாருகிட்டயாவது கேட்டீங்கன்னா அவங்க வேற மாதிரி சொல்வாங்க. கண்ணு காது மூக்கு வெச்சு சொல்வாங்க. அதுக்கு நானே சொல்லிடறேன். எனக்கும் சொன்னா தேவலை போல இருக்குது. வீட்டுல யாரும் என்கிட்ட இதைப் பேசறதில்லை.

எங்களுக்கு ஒரே பொண்ணுங்க. மோகனப்பிரியா. பேங்குல இருக்கா. வயசு ஏறிட்டுப் போகுதுன்னு எனக்குத் தூக்கமில்லை. முன்ன ஒரு எடத்துல நிச்சயம் வரைக்கும் போய் நின்னு போச்சு. அது ஊருல நடக்கறதுதானே, அதைப் போயி பயோடேட்டாவுல யாராவது போடுவாங்களா? நாங்க போடலை. தரகரும் வேண்டாம்னுட்டாரு. அப்பத்தான் பவானியில இருந்து இந்த எடம் வந்துச்சு. பையன் பேரு நவநீதன். காலேஜுல வாத்தியாரு. சொந்த வீடு. அப்பா இல்லை, அம்மா பூங்கொடி மட்டும். ஒரு அக்கா, கட்டிக்குடுத்து கோயமுத்தூருல இருக்குதுன்னு எழுதியிருந்துச்சு. போட்டோவைப் பாத்துட்டு மோகனா ஒண்ணும் சொல்லலை. ஆனா திருப்பிக் குடுக்காம ரூமுக்குள்ள கொண்டு போயிட்டா. ஒவ்வொரு போட்டோவுக்கும் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கற பொண்ணுங்க அது. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு.

அப்பறம் விசாரிக்காம இருக்க முடியுங்களா? நீங்க கல்யாணம் ஆனவரா தம்பி? அப்ப உங்களையும் விசாரிச்சிருப்பாங்க. உங்களுக்கே தெரியாம உங்க வீதியில ஒரு ஆளு வந்து மளிகைக் கடையில ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போயிருப்பாரு. எல்லாரும் செய்யறதுதான். நான் போனா பின்னால மூஞ்சி தெரிஞ்சுரும்னு என் தங்கச்சி தெய்வானையை அனுப்பினேன். அவ கெட்டிக்காரி. போனா அந்த வீட்டு கேட்டுலயே மாடி வாடகைக்குன்னு போர்டு தொங்குது. இவளுக்குச் சொல்லணுமா? பெல்லை அடிச்சு, வீடு பாக்கணும்னுட்டா.

"எங்கூட்டுக்காரருக்குக் காட்டணும், போட்டோ எடுத்துக்கறேன்"னு சொல்லி மாடியை எடுத்தா. அப்படியே எறங்கி வந்து கீழயும் எடுத்தா. கேட்டு, சமையக்கட்டு, ஹாலு, செருப்பு ஸ்டேண்டு, ஒண்ணு விடலை. தெய்வானைக்கு ஒரு பழக்கம் தம்பி, போட்டோ அனுப்பும்போது அதுமேலயே செவப்புல வட்டம் போட்டு எழுதி அனுப்புவா. புடவை அனுப்பினாக்கூட ஜரிகையில வட்டம் போட்டு "சாயம் போகும்"னு எழுதுவா. அப்படி இதுலயும் எழுதியிருந்தா. சமையக்கட்டுத் தொட்டியில வட்டம், "ஒழுகுது". சுவத்துல வட்டம், "ஓதம்". அவங்க டிவியில வட்டம், "55".

ஆமாங்க. இந்த டிவி அப்படித்தான் வந்துச்சு.

எங்ககிட்ட அதுவரைக்கும் ஒரு சின்ன டிவிதான், ஷோகேஸுக்குள்ள அடங்கிக் கெடக்கும். பொண்ணு பாக்க வர்றவங்க வீட்டுல அம்பத்தஞ்சு இருக்கும்போது நம்ம வீட்டுல இது இருந்தா எப்படிங்க? கடைக்குப் போனோம். உள்ள சுவரு பூரா டிவி, எல்லாத்துலயும் ஒரே கிளி, ஒரே நேரத்துல ரெக்கையை விரிக்குது. எங்கூட்டுக்காரரு சின்னதா ஒண்ணு முன்னால போய் நின்னுட்டு, "நம்ம ஹாலுக்கு இது போதும் தாயி"ன்னாரு. அங்க இருந்த பொண்ணும், "எத்தனை அடி தள்ளி உக்காந்து பாப்பீங்கம்மா"ன்னு கேட்டுச்சு. நான் ஹாலு அகலத்தைக் கூட்டிச் சொன்னேன். அந்தப் பொண்ணுகிட்ட எதுக்குப் பொய் சொன்னேன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குப் புரியலை. வாய்ல வந்துருச்சு.

மாட்டினதுக்கப்பறம்தான் தெரிஞ்சுது. சோபாவை எதுத்த சுவத்தோட ஒட்டிப் போட்டும் பத்தலை. சீரியல்ல ஒருத்தி அழுதா அவ பல்லெல்லாம் நம்ம மடியில விழற மாதிரி இருக்கும். செய்தி வாசிக்கறவரு தாடையில மழிக்காம விட்ட முடி தெரியும். எங்கூட்டுக்காரரு அந்த ரிமோட்டுகிட்டப் பேசினா கேக்கும்னு சொன்னதை நம்பி, "சித்த சவுண்டைக் கொறைச்சுக்கங்க"ன்னு அதுகிட்டயும் மரியாதையாப் பேசுவாரு. அது கேக்காது. சிரிக்காதீங்க, அந்த ஒரு வாரம் வீடு நல்லா இருந்துச்சு. மோகனாகூட அவரு பேசறதைப் பாத்துச் சிரிச்சா.

மாட்ட வந்தவரு ஒரு மெயில் ஐடி வேணும்னு கேட்டாரு. மோகனா பேங்குல இருந்தா. நான் என் போனை எடுத்துக் குடுத்தேன். அவரு என்னமோ தட்டிட்டு, "டிவியை சும்மா விட்டீங்கன்னா உங்க போன்ல இருக்கற போட்டோவெல்லாம் தானா ஸ்க்ரீன்ல வரும், வெச்சுரட்டுங்களாம்மா"ன்னாரு. வெச்சுருங்கன்னேன். மொத வந்தது மோகனா ஒண்ணாப்புப் படிக்கையில பாரதமாதா வேசம் கட்டின படம். இந்த சுவரு அளவுக்கு. ஒரு பல்லு இல்லாம நிக்குது. நான் சமையக்கட்டுல தாளிக்கறதை விட்டுட்டு வந்து பாத்துட்டே நின்னேன்.

இதெல்லாம் எதுக்குச் சொல்றேன்னா, நான் வேணும்னு செய்யலைங்கறதுக்குத்தான். வாட்சப்புல வர்றதும் அதுல சேந்துக்கும்னு எனக்கெப்படித் தெரியும்? அவங்க வர்றதுக்கு முந்தின நாளு எங்கூட்டுக்காரரு, "யாரு வீட்டுத் தொட்டியோ டிவியில வருது, என்னன்னு பாரு"ன்னு சொன்னாராம். சொல்றதைத் திருத்தமாச் சொல்லணும். மெதுவடைக்கு உளுந்து ஆட்டிட்டு இருக்கறவகிட்ட வந்து தொட்டி, கிட்டின்னா என்ன புரியும்?

வந்தாங்க. பையன், அவங்கம்மா, மாமா ஒருத்தரு, கூட அந்த அக்கா. கோகிலவாணின்னு பேரு. "கோயமுத்தூருல இருந்து இதுக்குன்னே வந்தாளுங்க"ன்னு அவங்கம்மா சொன்னாங்க. எனக்குத் தெரியும் அவ எங்கிருந்து வந்தான்னு. தெய்வானை அவ படத்தையும் அனுப்பியிருந்தா. வீட்டைச் சுத்திக் காட்டினதே கோகிலவாணிதான். டீ போட்டுக் குடுத்து, தெய்வானைகிட்ட மனசு விட்டும் பேசியிருக்கா. புருசனோட சரிப்படலை, திரும்பி வந்து ரெண்டு வருசம் ஆச்சு, கீழ ஒரு ரூமுல பிளவுஸ் தைக்கறேன், மாடிக்கு நல்லவங்களா வந்தா எனக்கும் பேச்சுத்துணைன்னு. நான் எல்லாம் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காம, "கோயமுத்தூருல எந்தப் பக்கம் கண்ணு"ன்னு கேட்டேன். அவ அவங்கம்மாவைப் பாத்தா. அவங்கம்மா "சிங்காநல்லூரு"ன்னாங்க. உள்ளுக்குள்ள எனக்குக் கொஞ்சம் கெத்தாத்தான் இருந்துச்சு. பொய் சொல்லாம சொல்றேன் தம்பி. யாரு மறைக்கறாங்கன்னு நமக்குத் தெரியும், நமக்குத் தெரியும்னு அவங்களுக்குத் தெரியாது. அதுல ஒரு சந்தோஷம்.

டிவியை ஆப் பண்ணித்தான் வெச்சிருக்கலாம். ஆப் பண்ணினா வெறும் கருப்புப் பலகை. அவங்க எப்படிப் பாப்பாங்க? அதனால பழனி அபிஷேகம் வீடியோவைப் போட்டு விட்டேன். வந்தவங்களும் பாத்தாங்க. அந்த மாமா, "என்னுங்க, தேட்டரையே கொண்டாந்துட்டீங்க"ன்னாரு. அப்பறம் மோகனா காபி கொண்டு வந்தா. பொண்ணு வரும்போது சத்தம் எதுக்குன்னு நான் ரிமோட்டை அமுக்கி சாமியை நிறுத்தினேன். அவ்வளவுதான் நான் பண்ணினது. நிறுத்தி, ரிமோட்டை சோபா மேல வெச்சேன்.

பையனும் மோகனாவும் ரெண்டு வார்த்தை பேசினாங்க. எந்த பிராஞ்சுன்னு அவரு கேட்டாரு, அவ சொன்னா, அந்த பிராஞ்சு ஏ.டி.எம். எப்பவும் வேலை செய்யாதேன்னாரு, அவ சிரிச்சுட்டா. நல்லாச் சிரிச்சா. கோகிலவாணி நகந்து உக்காந்து, "இங்க வாங்க அம்மணி"ன்னு மோகனாவைப் பக்கத்துல உக்கார வெச்சுக்கிட்டா. அப்பத்தான் டிவி தானா போட்டோவுக்கு மாறுச்சு.

மொத பாரதமாதா வந்துச்சு. எல்லாரும் சிரிச்சாங்க. அப்பறம் திருச்செந்தூரு கடல். அப்பறம் ஒரு நீலக் கலரு கேட்டு.

"நம்ம வீட்டு கேட்டாட்டவே இருக்குது"ன்னாரு பையன்.

நான் ரிமோட்டைத் தேடறேன். அது அந்த மாமா தொடைக்கு அடியில போயிருச்சு. அவருகிட்ட எந்திரிங்கன்னு எப்படிச் சொல்றது? அந்தப் படம் வேற நிக்காதுங்க, மெல்ல மெல்லக் கிட்ட வரும். அப்பறம் தொட்டி, வட்டம், ஒழுகுது. அப்பறம் சுவரு. அப்பறம் அவங்க டிவி எங்க டிவிக்குள்ள. பூங்கொடியம்மா கையில இருந்த காபியைக் கீழ வெச்சுட்டாங்க. "எந்திரிங்க, எந்திரிங்க"ன்னு நான் அந்த மாமாவைத் தோளைப் புடிச்சே தள்ளிட்டேன். எங்கூட்டுக்காரரு டிவிக்குப் பின்னால கையை விட்டாரு. பிளக்கு எட்டலை. அவ்வளவு பெருசுங்க அது, பக்கத்துல போனா எங்க தொடங்கி எங்க முடியுதுன்னே தெரியாது.

அதுக்குள்ள அந்தக் கோகிலவாணி வந்துட்டா. டிவியில. ரெண்டு கையிலயும் டீ டம்ளரு வெச்சிருக்கற தட்டைப் புடிச்சுட்டு, போட்டோவுக்குன்னு நல்லாச் சிரிச்சுட்டு நிக்கறா. தெய்வானை "ஒண்ணு எடுத்துக்கட்டா கண்ணு"ன்னு கேட்டுத்தான் எடுத்திருக்கா. மூஞ்சியைச் சுத்தி செவப்பு வட்டம். பக்கத்துல வாழாவெட்டின்னு. ஒவ்வொரு எழுத்தும் நம்ம கை நீளம்.

எங்கூட்டுக்காரரு ஓடிப் போயி மெயினையே எறக்கிட்டாரு. டிவி நின்னுச்சு. பேனும் நின்னுருச்சு. அதுவரைக்கும் பேன் சத்தம் இருந்ததே தெரியலைங்க. அது நின்னதுக்கப்பறம் வீட்டுல மூச்சு விடற சத்தம் கேக்குது.

சண்டை போட்டிருக்கலாம். அந்தம்மா என்னைப் புடிச்சு நாலு கேள்வி கேட்டிருந்தா நானும், நீங்க மட்டும் சிங்காநல்லூருன்னு சொல்லலையான்னு கேட்டிருப்பேன். அதுக்கு வாயில எல்லாம் தயாரா வெச்சிருந்தேன். ஆனா மொதல்ல பேசினது கோகிலவாணி. கோபமே இல்லைங்க. என்னைப் பாத்து, "அந்தக்காவுக்கு வீடு புடிக்கலைங்களா? வீட்டுல கேட்டுட்டு போன் பண்றேன்னாங்க. நான் வேற யாருக்கும் விடாம வெச்சிருந்தனே"ன்னா.

அதுக்கு நான் என்ன சொல்ல? நீங்க சொல்லுங்க தம்பி, என்ன சொல்ல? நான், "காபி ஆறுது, குடிங்க"ன்னேன்.

பூங்கொடியம்மா எந்திரிச்சாங்க. "நாங்க கெளம்பறமுங்க." அவ்வளவுதான். தம்பிக்காரன் அக்கா முழங்கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போனாரு, கண்ணு தெரியாதவங்களைக் கூட்டிட்டுப் போற மாதிரி. மோகனா மட்டும் கூடவே கேட்டு வரைக்கும் போனா. நான் ஜன்னல்ல இருந்து பாத்தேன். கோகிலவாணி கையைப் புடிச்சுட்டு நின்னா. என்ன பேசினாங்கன்னு எனக்குத் தெரியாது. இன்னிக்கு வரைக்கும் சொல்லலை.

எனக்கு அவமானம் தாங்கலைங்க. ஒரு வாரம் கோலம் போட வெளிய போகலை. அந்த மாமா யாருகிட்டச் சொன்னாரோ, வீதிக்கே தெரிஞ்சுருச்சு. காய்க்காரம்மா என்னைப் பாத்து "என்னுங்க டிவி நல்லா இருக்குங்களா"ன்னு கேக்கறா. தெய்வானையைப் புடிச்சுத் திட்டினேன். "நீ எழுதச் சொல்லி எழுதலை, ஆனா படிச்சுட்டு நீ என்ன பதில் அனுப்பினேன்னு பாரு"ன்னு சொல்லி போனை வெச்சுட்டா.

மோகனா அதைத்தான் கேட்டா. "உன் போனைக் குடும்மா"ன்னா. சத்தம் போடலை. இந்தச் சேர்லதான் உக்காந்து படிச்சா. அந்தப் படத்துக்குக் கீழ நான் எழுதினது இருந்துச்சு. என்ன பெருசா? "நல்ல வேளை கண்டுபுடிச்சே. கல்யாணம் முடிவானா இதை எங்கயாவது வெளியூருக்குத் தாட்டி உடச் சொல்லணும்"னு. மாமியாரு வீட்டுல நாத்தனாரு ஒக்காந்திருந்தா நாளைக்கு எம்பொண்ணுக்குத்தானே கஷ்டம்? எந்த அம்மாவும் நெனைக்கறதுதான். மோகனா அதைப் படிச்சுட்டு, "'இதை'யாம்மா"ன்னு கேட்டா. அவசரத்துல டைப் பண்றதுதான், அதுல என்ன இருக்குதுன்னேன். போனைத் திருப்பிக் குடுத்துட்டு எந்திரிச்சுப் போயிட்டா.

அந்தப் படங்களையெல்லாம் அழிச்சாச்சுங்க, நீங்க பயப்பட வேண்டாம். என் மெயிலையும் எடுத்தாச்சு. ஆனாலும் டிவியைப் போட்டா எனக்கு அந்தப் பொண்ணு தட்டோட வந்து நிக்கற மாதிரியே இருக்குது. அதான் துணி போட்டு மூடி வெச்சது. நீங்க போட்டா ஒண்ணும் வராது. உங்களுக்கு யாரைத் தெரியும்?

இதோட முடிஞ்சிருந்தா நான் இவ்வளவு பேச மாட்டேன் தம்பி. எடம் போச்சு, மானம் போச்சு, சரின்னு விட்டிருப்பேன். முடியலை.

போன மாசம் காலையில தரகரு கூப்பிட்டாரு. மோகனா பேங்குக்குப் பொறப்பட்டு, இதோ இந்தக் கண்ணாடி முன்னால நின்னு தலை சீவிட்டு இருந்தா. நான் கதவுகிட்ட நின்னுட்டு போனைக் காதுல வெச்சேன். "அம்மா, நல்ல சேதிங்க"ன்னாரு. "பவானிக்காரங்க மறுபடி பேசினாங்க. பொண்ணை அவங்களுக்கு ரொம்பப் புடிச்சுப் போச்சு. உங்களுக்கு என்ன மனக்கொறைன்னு அவங்களுக்குப் புரிஞ்சுதாம். பையனோட அக்காளைத் திருப்பூருல ஒரு கம்பெனியில சேத்து ஹாஸ்டல்ல விட்டுட்டாங்க. தையல் மிஷினையும் வித்தாச்சு. இனி அந்த வீட்டுல இருக்க மாட்டா. மேல பேசலாங்களா?"

நான் யாரையும் அனுப்பச் சொல்லலைங்க. சாமி சத்தியமா ஒரு வார்த்தை அவங்ககிட்ட சொல்லலை. அவங்களாப் பண்ணினாங்க. எங்க டிவியில பாத்துட்டு, ஓ, இதுதான் இவங்களுக்குத் தடைன்னு அவங்களாப் புரிஞ்சுக்கிட்டாங்க.

"கேட்டுட்டுச் சொல்றேனுங்க"ன்னு வெச்சேன். தரகரு சத்தமாப் பேசறவரு, மோகனாவுக்கும் கேட்டிருச்சு. சீப்பு தலையிலயே நிக்குது. அவ எதுவும் சொல்றதுக்கு முன்னால, "பாரு, அவங்களா எறங்கி வந்திருக்காங்க, நாம என்ன பண்ணினோம்"னு நான்தான் ஆரம்பிச்சேன்.

"தரகருகிட்ட நான் பேசிக்கறேன்"னா. பேசினா. கோகிலாக்கா வீட்டுக்குத் திரும்பி வந்ததுக்கப்பறம் என்கிட்டப் பேசச் சொல்லுங்கன்னு மட்டும் சொல்லி வெச்சுட்டா. அவங்க என்ன சொன்னாங்க தெரியுங்களா? அவளே வர மாட்டேங்கறாளாம். கூப்பிடப் போன தம்பியை கேட்டுலயே நிறுத்தி, நல்லா இருடான்னு சொல்லி அனுப்பிட்டாளாம்.

அதுல இருந்து மோகனா என்கூட சண்டையும் போடறதில்லை. சாப்பிடறா, போறா, வர்றா. கேட்டதுக்கு பதில் சொல்றா. ஞாயித்துக்கிழமை திருப்பூருக்குப் போற பஸ்ஸு ஏறிப் போயிட்டு சாயங்காலம் வர்றா. பாத்தியான்னு கேட்டா பாத்தேங்கறா. நல்லா இருக்காளான்னு கேட்டா தலையை மட்டும் ஆட்டறா. ஒரு நாளு எனக்குப் பொறுக்கலை. ஏன்டி, அந்தப் படத்தை எடுத்தது உன் சித்தி, காட்டினது டிவி, பொண்ணை அனுப்பினது அவங்கம்மா, நீ என்னத்துக்கு என்னை இப்படித் தள்ளி வெக்கறேன்னு கேட்டேன். அழுதுட்டேன்.

அவ பையில டிபன் பாக்ஸை வெச்சுட்டே சொன்னா, "தரகரு சொல்லும்போது நான் கண்ணாடியில உன்னைத்தாம்மா பாத்துட்டு இருந்தேன். உன் மூஞ்சி எப்படி இருந்துச்சுன்னு உனக்குத் தெரியாது."

தெரியுங்க தம்பி. எனக்குத் தெரியும். நான் சிரிச்சேன்.